வீட்டு வளவில் பற்றரி மாற்றப்போகும் லீஃப்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லீஃப்கார உறவுகளே,

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பாவித்த நிசான் லீஃப் மின்கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த மடல் பொது. ஆனாலும் "கொழும்பில் கேட்கிற காசுக்கு நாங்களே கழற்றி மாட்டிவிடலாம்" என்று சொல்லிக்கொண்டு இரவிரவாக யூடியூப் பார்க்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உங்களைத் தடுப்பது என் நோக்கமில்லை. வாகன மின்வேலைதான் என் பிழைப்பு. லீஃபின் பற்றரிப் பெட்டியை ஒரு நல்ல வளவில், சரியான சாமானோடு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறக்கி ஏற்றலாம் என்பது உண்மை. அந்தப் பெட்டியின் மூடியைத் திறப்பது வேறு சங்கதி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற பேச்சு இப்போது அதிகமாகக் கேட்கிறது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பற்றரி தேய்ந்த பிரச்சினை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வரி குறைவாக இருந்த 2015 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான் யப்பானில் ஓடிய லீஃப்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. சாதாரணமாக விற்றுவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்க வேண்டிய கார்கள் அந்த ஐந்து வருடமும் எங்கள் கையிலேயே இருந்தன. 2022 இல் பெற்றோல் வரிசையில் ஊரே நிற்கும்போது லீஃப்காரர் கையை வீசிக்கொண்டு போனார்கள். 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில் அவர்களும் திண்ணையில் குந்தினார்கள் என்பது வேறு கதை. அந்த வருடமே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. யப்பானிலிருந்து ஒரு பெட்டி எடுப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள் கணக்குக் கொப்பியையே மூடினார்கள்.

2010 டிசம்பரில் லீஃப் விற்பனைக்கு வந்தபோது அதன் பெட்டி 24 கிலோவாட் மணி. யப்பானியச் சோதனை முறையில் 200 கிலோமீற்றர் ஓடும் என்றார்கள். எங்கள் வீதியில், ஏசி போட்டு, நாலு பேர் ஏறினால் புதிதிலேயே அது வராது. இன்று 60 வீதத்துக்கு இறங்கிய ஒரு பெட்டியோடு யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போனால், திரும்பி வருவதற்கு அங்கே சார்ஜ் போட வேண்டும். பருத்தித்துறைக்குப் போய்வரலாம், வழியில் வேறு அலுவல் இல்லாவிட்டால்.

ஏன் இப்படித் தேய்ந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் புதுப் பெட்டிக்கும் அதே கதி வரலாம். அந்தக் காலத்துக் கலங்களில் நேர்முனை பெரும்பாலும் மங்கனீசு ஒட்சைட்டு. சூடு ஏறினால் மங்கனீசு கரைந்து மின்பகுபொருளுக்குள் வரும். எதிர்முனைக் கிரபைற்றில் போய்ப் படிந்து அங்குள்ள படலத்தைத் தடிப்பாக்கும். அப்போது வேலை செய்ய வேண்டிய லிதியம் அதற்குள் சிக்கிப்போகும். போதாக்குறைக்கு லீஃபின் பெட்டிக்குக் குளிரூட்டும் நீரோ விசிறியோ இல்லை. 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் லீஃப் வைத்திருந்தவர்கள் ஒரே கோடையில் மீற்றரில் கொள்ளளவுக் கோடுகள் விழுவதைக் கண்டு சண்டைக்குப் போனார்கள். அதன் பிறகுதான் நிசான் ஐந்து வருடக் கொள்ளளவு உத்தரவாதம் கொடுத்தது. யப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த கார்களுக்கு அது எட்டாது. சித்திரை வெயிலில் ஓமந்தைக்குப் பக்கத்தில் நிழலில்லாமல் நிறுத்தி வைக்கிற காருக்கு அரிசோனா தூரமில்லை.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பெட்டியைக் கொன்ற அதே குறைதான் அதை வீட்டில் மாற்றுவதற்கு வழியும் விட்டிருக்கிறது. உள்ளே தண்ணீர்க் குழாய் இல்லாததால் வடிப்பதற்கும் காற்றெடுப்பதற்கும் ஒன்றுமில்லை. காரின் அடியில் போல்ட்டுகளில் தொங்கும் ஒரு மூடிய இரும்புப் பெட்டி. சில செம்மஞ்சள் வயர்கள், ஒரு தகவல் வயர், அவ்வளவுதான். நீர்க் குளிரூட்டலுள்ள பெட்டியை வளவில் இறக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாற்றுவதற்கு முன்னால், உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பற்றரி செத்துவிட்டது என்று வருகிற கார்களில் சிலவற்றில் செத்தது முன்னால் இருக்கிற 12 வோல்ட் ஈயப் பற்றரி. அது பலவீனமானால் மீற்றரில் இருக்கிற விளக்கெல்லாம் கோவில் திருவிழாபோல எரியும், கார் எழும்பாது. முதலில் அதை அளந்து பாருங்கள்.

அடுத்தது மீற்றரின் வலது ஓரத்தில் இருக்கிற 12 சின்னக் கோடுகள். கொள்ளளவில் 15 வீதம் போனால்தான் முதல் கோடு விழும். அதன்பின் ஏறத்தாழ ஆறேகால் வீதத்துக்கு ஒன்று. எட்டுக் கோடு நிற்கிறதென்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கோட்டை மட்டும் நம்பி விற்கவோ வாங்கவோ வேண்டாம். பெட்டிக்குள் இருக்கிற கட்டுப்பாட்டுப் பலகையின் கணக்கை அழித்துப் புதிதாக்கிவிட்டால் தேய்ந்த பெட்டியும் சில காலத்துக்கு 12 கோடு காட்டும். அப்படி ஒரு காரை வாங்கி, சில வாரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். விற்ற கராஜின் பெயர் இங்கே வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. எங்களைப்போலவே யப்பானில் பாவித்த லீஃப்களை இறக்கிய இன்னொரு நாடு நியூசிலாந்து. அங்கே 2018 இல் 'ஃபிளிப் த ஃபிளீட்' என்ற குழு கார்க்காரர்களிடமிருந்து அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 30 கிலோவாட் மணிப் பெட்டிகள் பழைய 24 ஐ விட வேகமாகத் தேய்வதாகத் தெரிந்தது. பலரும் பதறினார்கள். கடைசியில் நிசான் கண்டுபிடித்தது, கட்டுப்பாட்டுப் பலகையின் மென்பொருள் கொள்ளளவைக் குறைத்துக் காட்டுகிறது என்று. மென்பொருளைப் புதுப்பித்ததும் 'போன' கொள்ளளவு திரும்பி வந்தது. அவசரப்பட்டுப் பெட்டியைக் கழற்றியிருந்தால் நட்டம் யாருக்கு? உங்களில் 30 வைத்திருப்பவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

சரியாகப் பார்க்கிற வழி இதுதான். ஒரு புளூடூத் ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறவுங்கள். பெட்டிக்குள் 192 கலங்கள். இரண்டிரண்டாகப் பக்கம் பக்கமாக இணைத்து 96 சோடிகள் தொடராக நிற்கின்றன. அந்த 96 உம் திரையில் 96 கம்பங்களாக நிற்கும். நிறைந்த சார்ஜில் எல்லாம் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அதைக் காட்டி விற்பவரை நம்பாதீர்கள். சார்ஜ் 20 வீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு, ஒரு ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். 95 கம்பங்கள் மெதுவாகக் குனிய, ஒன்று மட்டும் தொபுக்கென்று விழும். அந்த ஒன்றுதான் சக்தி மட்டுப்படும்போது வருகிற ஆமை விளக்கை எரிய வைக்கிறது. எல்லாக் கம்பமும் ஒரேயளவாகக் குனிந்தால் அது முதுமை. ஒன்றிரண்டு மட்டும் விழுந்தால் அது நோய். முதுமைக்கு முழுப் பெட்டி மாற்றுவதைத் தவிர மருந்தில்லை. நோய்க்கு அந்தக் கலம் இருக்கிற மொடியூலை மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கு மூடி திறக்க வேண்டும். அங்கேதான் நான் உங்களை மறிக்கிறேன்.

வீட்டுக் கரண்டில் அடி வாங்கிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். "230 ஐயே பார்த்தவன், இது என்ன" என்று ஒரு தம்பி சொன்னார். வீட்டுக் கரண்ட் ஆடலோட்டம். செக்கனுக்கு 100 தடவை சுழியத்தைத் தொட்டுப் போகும். பெட்டியில் இருப்பது நேரோட்டம். நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 400 வோல்ட். அது சுழியத்துக்கு வருவதேயில்லை. தசை இறுகினால் இறுகினதுதான். ஸ்பானர் வழுக்கி இரண்டு முனையில் பட்டால் எழும் தீப்பொறி, நடுவில் இருக்கிற இரும்பு உருகி விழும்வரை அணையாது. வாகனத் துறையில் நேரோட்டம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயரழுத்தம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள்.

"சேவிஸ் பிளக்கைக் கழற்றினால் பிறகு என்ன பயம்?" என்று கேட்பவர்களும் உண்டு. பின் இருக்கைக்காரர் கால் வைக்கிற இடத்தில், கம்பளத்துக்குக் கீழே ஒரு சின்ன மூடி; அதைக் கழற்றினால் செம்மஞ்சள் கைப்பிடியோடு அந்தப் பிளக் இருக்கும். அதை இழுத்தால் 96 சோடிகளின் தொடர் நடுவில் அறுந்து, பெட்டியின் வெளி முனைகளில் அழுத்தம் இல்லாமல் போகும். காரில் வேலை செய்ய அது போதும். பெட்டிக்கு உள்ளேயோ ஒவ்வொரு துண்டிலும் உயிரை எடுக்கப் போதுமான வோல்ட் அப்படியே நிற்கிறது. பாம்பைச் சாக்குக்குள் போட்டுக் கட்டியதுபோலத்தான்: சாக்கைத் தூக்கிக்கொண்டு போகலாம், அவிழ்த்துப் பார்க்கக்கூடாது. பெற்றோல் தாங்கியை வடித்துக் காயவிடலாம். பற்றரிக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. உயரழுத்தத்தில் பயிற்சி பெற்றவர்கள் காப்பிட்ட ஸ்பானரோடு அதைத் திறக்கட்டும்.

இனிப் பெட்டி தேடுகிறவர்களுக்கு. 24 க்கு 24 போட்டால் சிக்கல் குறைவு, ஆனால் யப்பானில் கழற்றிய 24 உம் வயதானதுதான். நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து தொடங்கிய '4ஆர் எனர்ஜி' என்ற நிறுவனம் 2018 இல் ஃபுகுஷிமாவின் நாமியே ஊரில் தொழிற்சாலை திறந்து, பழைய பெட்டிகளைப் பிரித்து, நல்ல மொடியூல்களைச் சேர்த்து 3 இலட்சம் யென்னுக்கு விற்கத் தொடங்கியது. பெட்டி திறப்பது எப்படிப்பட்ட இடத்தில் நடக்க வேண்டிய வேலை என்பதற்கு அதுவே சாட்சி. பஞ்சிகாவத்தையில் பாகங்கள் தேடித் திரிகிறவர்கள் பலரும் இப்போது கேட்பது, 2017 கடைசியில் வந்த புது வடிவ லீஃபின் 40 கிலோவாட் மணிப் பெட்டி. அளவு ஏறத்தாழ அதேதான்; பழைய காரின் வயிற்றில் உட்காரும். ஆனால் காரின் மூளையும் அந்தப் பெட்டியின் பலகையும் பேசிக்கொள்கிற செய்திகள் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் 'கான் பிரிட்ஜ்' என்ற சின்னப் பலகையைப் பூட்டினால்தான் கார் எழும்பும். விற்பவர் அதையும் தருகிறாரா, பூட்டியபின் கோளாறு வந்தால் பார்ப்பது யார் என்று கேளுங்கள். 24 க்கு 24 போட்டாலும் காரும் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். அதற்கு நிசானின் கன்சல்ட் கருவி உள்ள ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லாம் பூட்டி முடித்தபின் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பலனில்லை. இன்னொன்று: பெட்டி பெரிதானாலும் காருக்குள் இருக்கிற சார்ஜர் பழையதுதான். 3.3 கிலோவாட் சார்ஜரில் 40 ஐ நிரப்ப 12 மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

வேலை நாளைப் பற்றிச் சொல்கிறேன். பெட்டி ஏறத்தாழ 1.57 மீற்றர் நீளம், 1.19 மீற்றர் அகலம், 26 சென்ரிமீற்றர் தடிப்பு, 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மணல் முற்றத்தில் இது நடக்காது. சமதளச் சீமெந்துத் தரை, நாலு உறுதியான ஸ்ராண்ட், பெட்டியைத் தாங்கி இறக்க ஒரு லிஃப்ட் மேசை வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் யாரும் போகக்கூடாது. இரண்டு கால் லிஃப்ட் உள்ள இடத்தில் செய்தால், பெட்டி இறங்கியதும் காரின் பாரம் முன்பக்கம் சாயும் என்பதை முதலிலேயே யோசித்துத் தாங்குகாலை வையுங்கள்.

காரை நிறுத்தித் திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சார்ஜ் வயர் செருகியிருக்கக்கூடாது. 12 வோல்ட்டின் மறை முனையைக் கழற்றுங்கள். மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிய பிறகு கையுறை. இது தோட்டக் கையுறையோ சேர்ஜன் கையுறையோ இல்லை. 1000 வோல்ட்டுக்குத் தரப்படுத்திய இறப்பர், மேலே தோல் உறை. போடுமுன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து விரல் விரலாக அமத்திப் பாருங்கள். எங்காவது மெல்லிய காற்று பட்டால் அந்தச் சோடி குப்பைக்கு. பிறகு சேவிஸ் பிளக்கை இழுத்து, வேலை செய்கிறவர் தன் காற்சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேசையில் வைத்தால் உதவிக்கு நிற்கிற யாராவது நல்லெண்ணத்தில் செருகிவிடுவார்கள். பத்து நிமிடம் விடுங்கள், இன்வேட்டருக்குள் இருக்கிற கொள்ளளவிகள் வடியட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் தேத்தண்ணி குடியுங்கள்.

செம்மஞ்சள் வயர்களைக் கழற்றியதும் அளக்க வேண்டும். மல்டிமீற்றர் 1000 வோல்ட் வகுப்பு என்று எழுதியதாக இருக்கட்டும். முதலில் வோல்ட் இருப்பது தெரிந்த ஒரு பற்றரியில் வைத்து மீற்றர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு காரின் முனையில் வையுங்கள். பிறகு மறுபடியும் அந்தப் பற்றரியில். நடுவில் மீற்றரின் கம்பி அறுந்திருந்தால் 'சுழியம்' என்று காட்டும். அந்தச் சுழியத்தை நம்பினால் அடுத்து உங்களைத்தான் தூக்க வேண்டி வரும். இந்த மூன்றாவது அளவைச் சோம்பலில் விடுகிறவர்களோடு நான் வேலைக்குப் போவதில்லை. போல்ட் கழற்றி மேசையில் இறக்குவதெல்லாம் பாரமான வேலை, கடினமான வேலை இல்லை. அதை எழுதி உங்களைக் களைக்க வைக்கவில்லை.

புதுப் பெட்டி ஏறியபின் பாவனையை மாற்றாவிட்டால் சில வருடத்தில் இதே மடலை மறுபடி படிப்பீர்கள். நிறைய சார்ஜ் ஏற்றி வெயிலில் விடாதீர்கள். விடியப் போகிற நேரத்தில் சார்ஜ் முடிகிறமாதிரி நேரம் வையுங்கள். நேரம் வைக்கிற காரின் திரை யப்பான் மொழியில் இருப்பதால் பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை, போன் கமராவை வைத்தால் தமிழில் காட்டும். தூரப் பயணம் இல்லாத நாளில் 80 வீதம் போதும்.

கழற்றிய பழைய பெட்டி பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. விறாந்தையில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், மேலே பழைய கதிரை அடுக்கி வைத்திருந்த ஒன்றைப் பார்த்தேன். லிதியம் பெட்டி பற்றினால் மண் போட்டு மூடி அணைக்க முடியாது. ஏராளமான தண்ணீர் வேண்டும், வருகிற புகையும் நச்சு. வீட்டிலிருந்து தள்ளி, கூரையுள்ள, காற்றோட்டமான இடத்தில், சேவிஸ் பிளக் இல்லாமல் வையுங்கள். இரும்பு வாங்க வருகிறவருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர் அதைக் கோடரியால் பிளப்பார்.

அது குப்பையும் இல்லை. 60 வீதத்தில் நிற்கிற 24 பெட்டியில் இன்னும் 14 கிலோவாட் மணி இருக்கிறது. ஒரு வீட்டின் இரவுக்குத் தாராளம். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்துங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் மிஞ்சுவதை இரவுக்கு வைத்துக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும். அது எங்கள் வளவுகளில் கிடக்கிறது. பெட்டியிலுள்ள 48 மொடியூல்களில் ஏழினைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் இன்வேட்டருக்குச் சரியாக வரும், 60 வோல்ட் கோட்டுக்கும் கீழே நிற்கும். அந்த நிலைக்கு வந்தபின் வேலை ஓரளவு எங்கள் கைக்குள். 400 வோல்ட்டிலிருந்து அங்கே இறக்குகிற முதல் மணித்தியாலம்தான் ஆபத்து. அதை மட்டும் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள். கலங்களைக் கண்காணிக்கிற பலகை போடாமல் எதையும் இன்வேட்டரில் கொழுவ வேண்டாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தரமான கையுறை, மீற்றர், காப்பிட்ட ஸ்பானர் தொகுதி, லிஃப்ட் மேசை, கன்சல்ட் கருவி: இவற்றை ஆளுக்கொரு செட் வாங்க யாராலும் முடியாது. அதனால்தான் தோட்டக் கையுறையோடு ஆட்கள் இறங்குகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு செட் என்று சேர்ந்து வாங்குவோம். வைக்க என் கராஜில் இடமிருக்கிறது, வாடகை வேண்டாம். எடுத்துக்கொண்டு போகிறவர் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தனியாக யாரும் இந்த வேலைக்கு இறங்கக்கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும். தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிற யாராவது இதைப் படித்தால், உயரழுத்தப் பயிற்சிக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு வையுங்கள். பெட்டி நான் கொண்டுவருகிறேன். லீஃப் வைத்திருப்பவர்கள் பங்குக்கு எவ்வளவு போடலாம் என்று வரும் பொங்கலுக்கு முன் சொன்னால், கையுறையை முதலில் எடுப்பிக்கலாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாகன மின்வேலைக்காரன்